மச்சம் இருந்த பக்கம்

மாமா இறந்த அன்று இரவு, எந்தப் படத்துக்கு மாலை போடுவது என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். 2019-ஆம் ஆண்டு. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தாமான் எனப்படும் குடியிருப்பில் இருந்த மாமாவின் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டாகிவிட்டது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன, மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது. படம் மட்டும் முடிவாகவில்லை. ஒன்று அவருடைய அடையாள அட்டைப் படம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிடலாம். இன்னொன்று 1983-இல் மாமாவே தன்னை வரைந்து வைத்திருந்த படம். முதலில் கடையிலும் பிறகு வீட்டு ஹாலிலுமாக முப்பத்தாறு வருடம் தொங்கியது. நான் மாமா வரைந்ததைத்தான் வைக்கவேண்டும் என்றேன். ஊரில் பாதிப் பேருடைய படத்தை வரைந்து கொடுத்தவர். அவர் கையால் வரைந்த அவர் படமே இருக்கும்போது அச்சடித்த தாள் எதற்கு? அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அது அண்ணன் இல்லடா. மச்சம் மாறிக் கெடக்கு."

மாமாவுக்கு வலது கன்னத்தில், மூக்கை ஒட்டினாற்போல், மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அவர் வரைந்த படத்தில் அது இடது கன்னத்தில் இருந்தது. கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் அப்படித்தான் வரும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. "அண்ணன் கண்ணாடியில பாத்த மொகம் அது. நாங்க யாரும் அந்த மொகத்தப் பாத்ததில்ல. போறவர வேற மொகத்தோட அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடையாள அட்டைப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்தோம். பார்த்தால் மச்சமே இல்லை. கணினியில் முகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்த பையன் அதைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டான். திரும்பப் போக நேரமில்லை. அம்மா அறைக்குள் போய் யாருடைய கைப்பையிலிருந்தோ கண்மைக் குச்சியை எடுத்து வந்தார். சட்டத்தைக் கழற்றச் சொல்லி, அண்ணன் முகத்தில் சரியான இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். கை நடுங்கவில்லை. சட்டத்தைத் திரும்ப மாட்டிய அப்புறம்தான் அழுதார்.

மாமா வரைந்த படம் அன்றைக்குச் சுவரிலிருந்து இறங்கிக் கட்டிலுக்குப் பின்னால் போனது. நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறவன். தன்னைத்தானே வரைவது பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஓர் ஓவியன் தன்னை வரையும்போதுதான் உண்மையாக இருக்கிறான், யாருக்காகவும் பூசி மெழுக வேண்டியதில்லை என்று மாணவர்களிடம் சொல்லி வந்தவன். கூடப் பிறந்த தங்கையே "அது அண்ணன் இல்ல" என்று சொல்லும் ஒரு படத்தை எந்தக் கணக்கில் உண்மை என்று சொல்வது? அன்றிலிருந்து இது என்னை விடவில்லை.

கட்டம் போட்டு எடுத்த முகங்கள்

மாமா 1946-இல் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்வெட்டுத் தொழிலாளிகள். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய்விட்டால் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். அங்கே சிமெண்டுத் தரையில் கரிக்கட்டையால் மாமா வரைந்ததை ஆயா தண்ணீர் ஊற்றிக் கழுவுவாராம், மறுநாள் மறுபடி இருக்குமாம். பதினாறு வயதில் டவுனில் விளம்பரப் பலகை எழுதும் ஒரு சீனரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போடுவது, கை ஆடாமல் இருக்க ஒரு குச்சியைப் பலகையில் ஊன்றி அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவது, எனாமல் சாயத்தை எந்த அளவுக்கு இளக்குவது, எல்லாம் அங்கே கற்றது. பிறகு சொந்தக் கடை. மலாய் எழுத்து பெரிதாக, தமிழ் அதற்குக் கீழே சின்னதாக. விதி அப்படி. இடம் சின்னதாக இருந்தாலும் தமிழ் எழுத்தில்தான் மாமா அதிக நேரம் செலவழிப்பார். 'ண' எழுதும்போது அந்தச் சுழிகள் மூன்றும் ஒரே அளவில் வரவேண்டும் என்று மூச்சை அடக்கிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் நானும் அடக்கிக்கொள்வேன்.

பலகை எழுதிப் பிழைத்தாலும் ஊர்க்காரர்களுக்கு அவர் படம் வரைகிறவர்தான். ஒருவர் இறந்தால் வீட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். தோட்டத்தில் பலருக்கும் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருப்பது. 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். அவசரகாலம் அறிவித்தார்கள். அடையாள அட்டை அந்த ஆண்டுதான் வந்தது: பெருவிரல் ரேகை, புகைப்படம். பால்மரக் காட்டைத் தவிர வேறெங்கும் போகாத சனங்கள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தது சாலைத் தடுப்பில் காட்டுவதற்காக. அந்தப் படங்களில் எல்லாருக்கும் ஒரே முகம்தான். கண்ணை இமைக்கக்கூடாது என்று யாரோ அதட்டியதுபோல இருக்கும்.

அந்தத் தபால்தலை அளவுப் படத்தின்மேல் மாமா ஊசிமுனைப் பென்சிலால் கட்டம் போடுவார். ஹார்ட்போர்டில் அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வருவார். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்காரர்களை உட்காரவைத்து விசாரிப்பார். சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழும், வெற்றிலை போடுவாரா, கோபம் வந்தால் எந்தப் புருவம் ஏறும். அவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கூடவே தங்கள் கோரிக்கையையும் வைப்பார்கள். அம்மாவுக்கு ஒரு சங்கிலி போட்டுவிடுங்கள், அப்பாவுக்குப் பல் கட்டிவிடுங்கள், ஒரு வெள்ளைச் சட்டை, மேல் துண்டு. உயிரோடு இருந்தபோது வாங்கிக் கொடுக்க முடியாத சங்கிலியை மாமா மஞ்சள் சாயத்தில் கண்ணி கண்ணியாகப் போட்டுக்கொடுப்பார். கண்ணிக்குக் காசு வாங்கமாட்டார்.

எனக்குப் பதினேழு வயதில் இதெல்லாம் பொய்யாகப் பட்டது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஓவியப் புத்தகத்தில் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் கடைசிக்காலப் படங்களைப் பார்த்திருந்தேன். அந்தக் கிழட்டு முகம், தொங்கும் தாடை, வெங்காயம் போன்ற மூக்கு, எதையும் மறைக்காத கண்கள். இதுதான் கலை என்று முடிவு கட்டியிருந்தேன். அந்தச் சூட்டோடு கடையில் தொங்கிய மாமாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தால், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமா வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூடப் பட்டுவேட்டிதான். "நீங்க கோட்டு போட்டதே இல்லையே மாமா, எதுக்கு இப்படி வரைஞ்சீங்க?" என்று கேட்டேன். தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "ஆர்டர் குடுத்தவரு அப்படித்தான் கேட்டாரு, மாப்ள" என்றார். நான் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

கோட்டு

அப்புறம் படிக்கப் படிக்கத் தெரிந்தது, என் ரெம்பிராண்டும் வேஷம் போட்டவர்தான். லெய்டன் ஊரில் மாவு அரைக்கும் ஆலைக்காரரின் மகன். 1640-இல், முப்பத்து நான்கு வயதில், தனக்கு நூறு வருடத்துக்கு முந்தின பெரிய மனிதர்களின் உடையில், மென்மயிர் வைத்துத் தைத்த மேலங்கியோடு, கையைத் திண்ணைபோன்ற ஒரு விளிம்பில் ஊன்றிக்கொண்டு தன்னை வரைந்தார். அந்த உட்காரும் தோரணையே இத்தாலிய ஓவியர்கள் டிஷியன், ரபேல் இருவரிடமிருந்து எடுத்தது. படை வீரனாக, கீழை நாட்டுப் பிரபுவாக, கடைசியில் அப்போஸ்தலர் பவுலாக எல்லாம் தன்னை வரைந்திருக்கிறார். 1656-இல் கடனில் மூழ்கி, வீட்டையும் சேர்த்து வைத்த பொருள்களையும் இழக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு 1658-இல் வரைந்த படத்தில்தான் பொன்னிற உடையில், கையில் கோலோடு, சிம்மாசனத்தில் இருப்பவர்போல உட்கார்ந்திருக்கிறார். கையில் காசில்லாத வருடத்தில் வரைந்த ராஜா. அதைப் பொய் என்று சொல்ல இப்போது எனக்கு நா வரவில்லை.

ஜெர்மனியின் டியூரரும் அப்படித்தான். தட்டாரின் மகன். 1498-இல் வரைந்த படத்தில் பிரபுக்கள் போடும் உடை, கையில் மெல்லிய தோல் கையுறை. கையுறை போட்டுக்கொண்டு யாரும் சாயம் குழைக்கமுடியாது, வேலை செய்யும் கையை அவர் மூடித்தான் காட்டினார். இரண்டு வருடம் கழித்து, இருபத்தெட்டு வயதில், நேருக்கு நேர் பார்க்கும் ஒரு படம். கிறிஸ்துவை வரையும் முறையில் தன்னை வரைந்தது. அவர் ஊரில் ஓவியன் என்றால் தச்சனையும் கொல்லனையும் போல ஒரு கைத்தொழில்காரன். 1506-இல் வெனிசிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே நான் கனவான், ஊரிலோ ஒட்டுண்ணி என்று எழுதுகிறார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கையுறையைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஸ்பெயினில் வெலாஸ்கஸ் 1656-இல் அரச குடும்பத்தை வரையும் தன்னையே அரண்மனைப் படத்துக்குள் வரைந்துகொண்டார். அந்தப் படத்தில் அவர் மார்பில் இருக்கும் சிவப்புச் சிலுவை சந்தியாகோ வீரர் அணியின் சின்னம். அந்த அணியில் அவரைச் சேர்த்தது 1659-இல்தான், சிலுவை பிறகு வரைந்து சேர்த்தது. அதில் சேர, அவர் ஓவியத்தை வயிற்றுப்பிழைப்பாகச் செய்தவர் இல்லை என்று சாட்சிகள் வந்து சொல்லவேண்டியிருந்தது. உலகத்தின் மிகப்பெரிய ஓவியர்களில் ஒருவர், வரைந்து சம்பாதித்தவர் இல்லை என்று மற்றவர்கள் சொல்லித்தான் மரியாதை கிடைக்கவேண்டும் என்றால், அந்தச் சிலுவையை எவ்வளவு கவனமாக வரைந்திருப்பார்!

இவர்கள் எல்லாரும் நாள் முழுக்க அடுத்தவர் கேட்டபடி வரைந்தவர்கள். மூக்கைச் சின்னதாக்கு, நகையைப் போடு, மகளைக் கொஞ்சம் வெள்ளையாக்கு. தன்னை வரைய உட்காரும் அன்றைக்கு மட்டும் ஆர்டர் கொடுக்கிறவரும் அவரே. மாமா விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது அப்படியே நடந்தது. மற்றவர்களின் அம்மாவுக்குக் கண்ணி கண்ணியாகச் சங்கிலி போட்டுக்கொடுத்த கைக்குத் தனக்கு ஒரு கோட்டு போட்டுக்கொள்ள உரிமை உண்டு. இத்தாலிய ஓவியர் காரவாஜியோபோல, வெட்டுண்ட அரக்கன் கோலியாத்தின் தலையில் தன் முகத்தை வைத்தவரும் உண்டு. அவர் தனக்குக் கேட்ட ஆர்டர் அது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் தன்னை வரைந்த படம் ஒன்று இருக்கிறது. 1951-இல் பினாங்குக்கு வந்து குடியிருந்து பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், பிறகு சிங்கப்பூர் போனார். சின்னப் படம். படம் முழுக்க முகம்தான், தூரிகை, பலகை எதுவும் இல்லை. ஈப்போவிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போய் அந்தப் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றேன். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. எந்த உடையும் வேண்டாம் என்று அவர் முடிவெடுத்ததும் ஒரு முடிவுதான் என்று அங்கேதான் உறைத்தது.

கண்ணாடி

கோட்டுக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது. மச்சத்துக்குக் கிடைக்கவில்லை.

கருமாதி முடிந்த அன்று அத்தை அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். "கட்டிலுக்குப் பின்னால கெடந்தா பூச்சி அரிச்சிரும். நீ கொண்டு போ" என்றார். இரண்டடி உயர ஹார்ட்போர்டு, கனமான மரச்சட்டம். காரின் பின்சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்துப் பெல்ட்டும் மாட்டினேன். பழைய சாலையில் ஈப்போவை நோக்கி வந்துகொண்டிருந்தேன். கந்தான் பக்கம் சுண்ணாம்பு மலைகள் தெரியத் தொடங்கும் இடம், சாயங்கால வெயில் பின்னாலிருந்து வந்தது. செம்மோர் சிவப்பு விளக்கில் நின்றபோது, பின்னால் வரும் வண்டியைப் பார்க்க மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தேன். பின்சீட்டில் மாமா உட்கார்ந்திருந்தார்.

மிகைப்படுத்தவில்லை. படம் இருந்தது என்று தோன்றவில்லை, மாமா இருந்தார். வலது கன்னத்தில் மச்சம். கொஞ்சம் இறங்கிய வலது புருவம். எட்டு வயதில் அவர் மோட்டார் சைக்கிளின் டாங்கில் உட்கார்ந்து, அதன் கண்ணாடி வழியாக அல்ல, திரும்பித் திரும்பி நான் பார்த்த அதே முகம். இத்தனை வருடமாக அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ ஒரு விலகல் இருந்திருக்கிறது. ஒன்றுவிட்ட தம்பியைப் பார்ப்பதுபோல. அது கண்ணாடியில் திரும்பியவுடன் சரியாகிவிட்டது. விளக்கு பச்சையானது தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதுதான் தூரிகை கண்ணில் பட்டது. கண்ணாடிக்குள் இருந்த மாமா இடது கையில் தூரிகை பிடித்திருந்தார்.

மாமா இடது கைக்காரர். தோட்டத்துப் பள்ளியில் அந்தக் கைக்குப் பிரம்படி வாங்கியவர். முப்பது வயதில் ஒரு கோயிலில் சுவர்ப்படம் வரையக் கூப்பிட்டார்கள். எல்லாம் வரைந்து முடித்து அம்மனுக்குக் கண் எழுதப் போனபோது, நிர்வாகத்தில் இருந்த ஒருவர், அந்தக் கையால் கண் திறக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார். மாமா சண்டை போடவில்லை. மூன்று இரவு வீட்டில் தகரத்தின்மேல் வலது கையால் கண் எழுதிப் பழகிவிட்டு, நான்காம் நாள் போய் வலது கையாலேயே எழுதிக்கொடுத்தார். அது அம்மா சொல்லித் தெரிந்தது, மாமா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. படத்தை நேராகப் பார்த்தால் தூரிகை வலது கையில். கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் அப்படி வந்ததா, அல்லது வலது கைக்காரராகத் தெரியவேண்டும் என்று விட்டுவைத்தாரா?

வான்கோவின் கட்டுப்போட்ட காது எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். அவர் அறுத்துக்கொண்டது இடது காதை, 1889 ஜனவரியில் வரைந்த படத்திலோ வலது காதில் கட்டு. கண்ணாடி காட்டியதை மாற்றாமல் விட்டார். ரெம்பிராண்ட் அப்படி விடவில்லை. லண்டன் கென்வுட் மாளிகையில் இருக்கும் அவருடைய முதிய வயதுப் படத்தை ஊடுகதிர் வைத்துப் பார்த்தபோது, முதலில் கண்ணாடியில் தெரிந்தபடியே கைகளை மாற்றி வரைந்திருந்ததும், பிறகு அதை அழித்து, பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரிவாரோ அப்படித் திருத்தியதும் தெரியவந்தது. மாமாவின் குச்சியைப் போன்ற ஒரு கை ஊன்றும் குச்சியும் அந்தக் கையில் இருக்கிறது. ஆக இரண்டு வழியும் ஓவியர்களுக்குத் திறந்தே இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள்கூட இதை அறிவார்கள். கைப்பேசியில் எடுக்கும்போது கண்ணாடிபோலத் தெரியும் முகம், சேமித்த பிறகு திரும்பிக்கொண்டால், "சார், இதுல என் மூஞ்சி கோணலா இருக்கு" என்பார்கள். பக்கத்தில் இருக்கிறவன், "இல்லயே, இதான் உன் மூஞ்சி" என்பான். அவனவன் முகத்தை அவனவன் மட்டும்தான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து படத்தை மேசைமேல் கிடத்தி விளக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மாமாவுக்குப் பின்னால் ஒரு விளம்பரப் பலகை வரைந்திருக்கிறார், அவர் எழுதிய பலகைதான், சிவப்பு நிலத்தில் வெள்ளை எழுத்து. முடிதிருத்தும் நிலையம். தோள் 'முடி'யை மறைத்துவிட்டதால் 'திருத்தும் நிலையம்' மட்டும் தெரிகிறது. எழுத்து நேராக இருக்கிறது. இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததே இல்லை. கண்ணாடியைப் பார்த்து வரைந்திருந்தால் அந்த எழுத்துகள் இடவலமாகத் திரும்பியிருக்க வேண்டும். காரின் கண்ணாடியில் முகம் சரியாகத் தெரிந்த நேரத்தில் எழுத்துதான் திரும்பிப்போயிருக்கும், நான் முகத்தைத்தான் பார்த்தேன். ஆக, கண்ணாடி எதைப் புரட்டுகிறது என்று மாமாவுக்கு நன்றாகத் தெரியும். எழுத்தைத் திருப்பிச் சரியாக எழுதியிருக்கிறார். மச்சத்தைத் திருப்பவில்லை, கையைத் திருப்பவில்லை. திருப்பிய எழுத்தை ஒரு பலகைக்காரர் எந்த நிலையிலும் வெளியே விடமாட்டார், அது தொழில். முகம் வேறு கணக்கு. ஊர்க்காரர்கள் முகத்தையெல்லாம் ஊர்க்காரர்கள் பார்த்தபடி வரைந்து கொடுத்தாகிவிட்டது. இந்த ஒன்றைத் தான் பார்த்தபடி வைத்துக்கொண்டார். தினமும் காலையில் சவரம் செய்யும்போது சந்தித்த ஆள். அந்த ஆளை எங்களில் யாரும் பார்த்ததில்லை என்று அம்மா சொன்னது சரிதான். அதனால்தான் அந்தப் படம் எனக்கு இப்போது முக்கியமாக இருக்கிறது.

கையைப் பற்றி மட்டும் என்னால் இன்னும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. சில நாள், அது அடிபட்ட இடது கைதான், கண்ணாடி அதற்கு ஒரு மறைவு கொடுத்தது என்று தோன்றும். சில நாள், மூன்று இரவு பழகி அம்மனுக்குக் கண் எழுதிய வலது கையே அது என்று தோன்றும்.

இன்னொன்றும் அன்றிரவு பார்த்தேன். கோட்டு. ஆண்கள் கோட்டில் இடது மடிப்பு மேலே வரும், கண்ணாடியில் பார்த்தால் வலது மடிப்பு மேலே தெரியும். படத்தில் இடது மடிப்பு மேலே இருக்கிறது. மச்சம் கண்ணாடிப்படி, கோட்டு நேரில் பார்த்தபடி. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தபோது மாமா கோட்டு போட்டிருக்கவில்லை. கோட்டு வேறெங்கிருந்தோ வந்தது. நடுப் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துளை. பொத்தான் போட மறந்துவிட்டார் என்றுதான் சிறுவயதிலிருந்து நினைத்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் துளைக்குள்ளிருந்து இரண்டு நூல் முனைகள் எட்டிப் பார்க்கின்றன. ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுத்த சாம்பல் கோடுகள். மறந்தவர் நூலை வரையமாட்டார்.

போன வருடம் கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு அம்மா ஒரு மாதம் என் வீட்டில் இருந்தார். அந்தப் படம் ஹாலில் இருக்கிறது. வந்த நாளிலிருந்து அம்மா அதற்கு முதுகு காட்டியே உட்காருவார். மாமாவின் திதி அன்று காலை, சாம்பிராணிக் கரண்டியோடு ஹாலுக்குள் வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்தார்.

"இது அப்பா கோட்டுடா" என்றார்.

"தாத்தாகிட்ட ஏதும்மா கோட்டு?"

"ஸ்டூடியோக் கோட்டு. சொதந்திரம் கெடச்ச மெர்டேக்கா வருசம் எல்லாரும் டவுனுக்குப் போயி ஒரு படம் எடுத்தோம். நான் அம்மா மடியில. தோட்டத்துல இருந்து யாரு போனாலும் அந்தக் கோட்டதான் போட்டு விடுவாங்க. நடுவுல பொத்தான் கெடையாது. அப்பா அத மறைக்கத்தான் வயித்து மேல கைய வச்சிக்கிட்டாருன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே லயத்துல அந்தப் படத்தக் கரையான் அரிச்சிருச்சி."

"கைய வச்சி மறைச்சிட்டாருன்னா பொத்தான் இல்லாதது படத்துல தெரியாதே. மாமாவுக்கு இந்த நூல் எப்படித் தெரியும்?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். சாம்பிராணிப் புகை படத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்கு அப்ப பதினோரு வயசு. அப்பா நாற்காலியில உக்காந்திருந்தாரு, அண்ணன் பக்கத்துல நின்னுச்சு. அப்பா கைய வைக்கிறதுக்கு முன்னாடி பாத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு நூல் முனைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.